தெருப் பக்கமிருந்து பார்த்தால்

2022 ஆகஸ்ட் 15, திங்கட்கிழமை. காலை எட்டு மணி இருக்கும். பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்கு வந்து எங்களுக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மருத்துவமனையில் அன்று எனக்கு மதியப் பணி. நிதானமாகக் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி நின்றார். இரவு உடைக்கு மேல் மழைக்கோட்டு, காலில் வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு. எழுபத்தெட்டு வயது. தலை சீவாமல் வாசல் தாண்டி அவரை நான் பார்த்ததே இல்லை.

உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தாயி, சன்னலில் இருக்கிற உன் சின்னக் கொடியை எடுத்துவிடு. பையன்கள் கண்ணில் படுவதற்குள் எடுத்துவிடு."

அவர் சொன்ன சொல் 'லவ்'. இந்த ஊரில் கடைக்காரர், பஸ் ஓட்டுநர் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் காதில் அது 'தாயி' என்றுதான் விழும்.

எனக்குச் சுருக்கென்றது. கோவில்பட்டியிலிருந்து தம்பி அனுப்பிய கொடி அது. விடுதலையின் எழுபத்தைந்து ஆண்டு நிறைவுக்காக வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்ன வருடம். கடலைமிட்டாய், இட்லிப்பொடி, கருப்பட்டிக்கு நடுவே நான்காக மடித்து வைத்திருந்தான். முந்தின இரவு மகள் தூங்கிய பிறகு முன்னறைச் சன்னலில் அதைச் செங்குத்தாகத் தொங்கவிட்டேன். அப்படித் தொங்கவிட்டால் பார்ப்பவருக்கு இடப்பக்கம் காவி வர வேண்டும். அப்பா சொல்லிக்கொடுத்த பாடம் அது. பள்ளித் தலைமையாசிரியரின் மகள் நான், அதில் தவறு செய்ய மாட்டேன். என் வீடு, என் சன்னல், என் நாட்டுக் கொடி. இதில் யாருக்கு என்ன வந்தது?

பாட்டி பதில் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துத் தெரு நடுவுக்கு அழைத்துப்போய், என்னைத் திருப்பி நிறுத்தி, சன்னலைக் காட்டினார்.

அறைக்குள் நின்று பார்த்தபோது காவிதான் இடப்பக்கம். தெருவிலிருந்து பார்த்தால் பச்சை இடப்பக்கம், நடுவில் வெள்ளை, வலப்பக்கம் ஆரஞ்சு. கொடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த வலைத்திரை சக்கரத்தை விழுங்கியிருந்தது. அச்சு அசலாக அயர்லாந்துக் குடியரசின் கொடி. நாங்கள் குடியிருந்ததோ, பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்பவர்கள் வாழும் கிழக்கு பெல்ஃபாஸ்டில். விளக்குக் கம்பம்தோறும் பிரிட்டிஷ் கொடி பறக்கும் தெரு. முனைச் சுவரில் முகமூடி அணிந்து துப்பாக்கி ஏந்திய இரண்டு பேரை ஆளுயரத்துக்கு வரைந்து வைத்திருப்பார்கள்.

உள்ளே போய்க் கொடியை அவிழ்த்து மடித்தேன். அடுப்பில் ரவை கருகியிருந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளியில் கொடியேற்றம் காலை எட்டரைக்கு. அப்பா முந்தின நாளே கொடிக்குள் அரளிப் பூவும் ரோஜா இதழும் வைத்துச் சுருக்கிட்டு வைப்பார். கயிற்றை இழுத்ததும் பூ உதிர வேண்டும். ஒரு வருடம் முடிச்சு அவிழாமல் போனதற்கு அன்று முழுவதும் சாப்பிடவில்லை. எங்களுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். வரிசையில் நின்று வாங்கும் ஆரஞ்சு மிட்டாய்தான் முக்கியம். நாக்கை நீட்டி யாருடைய நாக்கு அதிகச் சிவப்பு என்று பார்ப்போம். அந்தக் கொடியைப் பார்த்து யாரும் பயப்படக்கூடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று மதியம், கருகாத மறு கேசரியை டப்பாவில் போட்டு வார்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு மூத்த நர்ஸ் இரண்டு வாய் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார், என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு, மூன்று பத்துக்குச் சன்னலோரம் போய் நின்றுகொண்டார். அவர் சொந்த ஊர் ஓமா. 1998 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை, அந்த நேரத்தில்தான் கடைத்தெருவில் கார் குண்டு வெடித்தது. இருபத்தொன்பது பேர் இறந்தார்கள். ஒரு கர்ப்பிணியின் வயிற்றிலிருந்த இரட்டைக் குழந்தைகளும் போயின. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும், சுற்றுலா வந்த ஸ்பெயின்காரர்கள் இருவரும் அதில் அடக்கம். முப்பது வருடச் சண்டையை நிறுத்தச் செய்த சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி நான்கே மாதம் ஆகியிருந்தது. அந்த ஒப்பந்தத்தை ஏற்காமல், அயர்லாந்தோடு சேர ஆயுதம் எடுத்திருந்த ஐ.ஆர்.ஏ. படையிலிருந்து பிரிந்த 'ரியல் ஐ.ஆர்.ஏ.' வைத்த குண்டு.

நான் ஆரஞ்சு மிட்டாயோடு நினைக்கும் தேதி, அவருக்கு அது.

வந்த புதிதில் இந்த ஊரின் இரண்டு பக்கங்களை, பெரும்பாலும் பிரிட்டனோடு இருக்க விரும்பும் புராட்டஸ்டண்டுகளையும் அயர்லாந்தோடு சேர விரும்பும் கத்தோலிக்கரையும், எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. நடைபாதையின் ஓரக்கல்லுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வரிசையாக வண்ணம் அடித்திருந்தார்கள். பஸ்ஸில் இருபது நிமிடம் மேற்கே போனால் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. கணவர் அழகாக இருக்கிறது என்றார். அவர் சென்னைக்காரர். எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மின்கம்பத்துக்கு அடிப்பார்கள். பஸ் நிறுத்தத்துக்கு அடிப்பார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் வேறு நிறம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதே நிறத்தில் கையில் கயிறு கட்டி வருவார்கள். அப்பா தன் மேசை இழுப்பறையில் கத்தரிக்கோல் வைத்திருந்தது அந்தக் கயிறுகளை வெட்டத்தான். மறுநாள் வேறு கயிற்றோடு வருவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்று செய்தி வந்தபோது, அந்த இழுப்பறைதான் எனக்கு நினைவு வந்தது.

சாதியும் இந்த ஊர்ச் சண்டையும் ஒன்றில்லை. மேலே கீழே என்று பிறப்பிலேயே அடுக்கி வைத்த கொடுமை வேறு, ஒரு நிலம் எந்த நாட்டோடு சேர வேண்டும் என்ற சண்டை வேறு. ஆனால் ஓர் ஆள் எந்தப் பக்கம் என்று மோப்பம் பிடிக்கும் வித்தை ஒன்றேதான். 'எந்த ஊர்?', 'ஊரில் எந்தத் தெரு?', 'அப்பா பெயர்?' என்று எங்களிடம் சுற்றி வளைத்துக் கேட்பார்களே, அதையே இங்கே எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்கிறார்கள். ஒரு நோயாளிக்கு என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எட்டாவது ஆங்கில எழுத்தை நாம் சொல்லும் வழக்கப்படி 'ஹெச்' என்றேன். கட்டிலில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கத்தோலிக்கர் அதை 'ஹெய்ச்' என்பார்கள், புராட்டஸ்டண்டுகள் 'எய்ச்' என்பார்கள். ஒரு மூச்சுக்காற்றில் ஆளைப் பிரித்துவிடுவார்கள். இங்குள்ள பிள்ளைகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே இரு பக்கமும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில் படிக்கிறார்கள் என்று அறிந்ததும், மகளை அப்படி ஒரு பள்ளியில் சேர்க்க நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை.

கொடி விவகாரத்துக்கு மறுநாள் பாட்டி என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார். சமாதானம் செய்யத்தான். கனமான இரும்புக் கல்லில் சோடா ரொட்டி சுட்டார். மாவை வட்டமாகத் தட்டி, நான்காகக் கீறி, கல்லில் போட்டுத் திருப்பினார். அந்தக் கல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுத் தோசைக்கல்லின் தமக்கை அது. நடுவில் லேசான குழி உட்பட. அவருடைய பேச்சும் எனக்கு வெல்லம். எல்லாவற்றுக்கும் முன்னால் 'வீ' என்று ஒரு சொல் போடுவார். சின்ன என்று பொருள். ஒரு வீ தேநீர், ஒரு வீ மழை, ஆறடி உயர மருமகனும் வீ பையன். வாக்கியம் முடிந்த பிறகு 'அப்படித்தான்' என்று ஒரு வால் ஒட்டுவார். நெல்லைச் சீமையில் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'லா' ஒட்டுவோமே, அதே சுகம்.

சுவர்த் தட்டில் ஒரு புகைப்படம் இருந்தது. கால்பந்தைக் கக்கத்தில் இடுக்கிய பதினாறு, பதினேழு வயதுப் பையன். மகனா என்று கேட்டேன். ஆமாம், ஸ்காட்லாந்தில் இருக்கிறான் என்றார். அதற்கு மேல் அன்று பேசவில்லை.

நான் வேலை செய்வது எலும்பு முறிவுப் பிரிவில். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு பேர் முழங்கால் மாற்று அறுவைக்கு வந்தார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. ஒருவர் ஃபால்ஸ் சாலைக்காரர், கத்தோலிக்கர். மற்றவர் ஷாங்கில் சாலைக்காரர், புராட்டஸ்டண்டு. இரண்டு சாலைகளும் அடுத்தடுத்து ஓடுகின்றன. நடுவில் 1969இல் எழும்பத் தொடங்கிய சுவர், இரவில் பூட்டும் இரும்புக் கதவுகளோடு இன்றும் நிற்கிறது. இருவரின் எக்ஸ்ரே படங்களையும் பார்த்தேன். மூட்டைச் சுற்றி எள் இறைத்ததுபோல் பழைய ஈயத் துணுக்குகள். முப்பது வருடத்துக்கு முன் சுடப்பட்ட கால்கள். எலும்பைப் பார்த்து எந்தப் படம் எந்தச் சாலைக்காரருடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரையும் சுட்டது எதிர்ப்பக்கம் இல்லை, அவரவர் பக்கத்துப் 'பையன்கள்'.

இந்தப் 'பையன்கள்' என்ற சொல் இரண்டு பக்கமும் புழங்குகிறது. ஒரு பொங்கல் விழாவில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக இங்கே வாழும் பெரியவர் ஒருவர், "எங்களிடத்திலும் பொடியன்கள் என்றுதான் சொல்வோம்" என்று சொல்லிவிட்டு, இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பேச்சை மாற்றிவிட்டேன்.

கதை இதுதான். ஃபால்ஸ் பக்கத்து மக்கள் போலீஸைத் தம்முடையதாக நினைத்ததில்லை. அதனால் திருட்டு, கார் கடத்தி ஓட்டுவது, போதை விற்பது எல்லாவற்றுக்கும் ஐ.ஆர்.ஏ.வே போலீஸ், ஐ.ஆர்.ஏ.வே நீதிமன்றம். தண்டனை முழங்காலில் குண்டு. குற்றம் பெரிது என்று அவர்கள் நினைத்தால் முழங்கால், கணுக்கால், முழங்கை என்று ஆறு இடத்திலும். அதற்கு 'சிக்ஸ் பேக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஷாங்கில் பக்கத்திலோ போலீஸில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மக்களின் சொந்தக்காரர்கள். கூப்பிட்டால் வருவார்கள். அப்படியிருந்தும் அங்கேயும் அதே தண்டனை. போலீஸ் இல்லாத குறைக்காகத்தான் செய்தோம் என்ற சமாதானத்தை அதனால்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. தெரு தங்கள் பிடியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நோயாளிகள் பேசப் பேசத்தான் எனக்கு மற்றவை விளங்கின. பிறகு ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தபோது ஒரு நடைச் சுற்றுலாவுக்குப் போனோம். ஃபால்ஸ் பக்கம் முன்னாள் ஐ.ஆர்.ஏ. சிறைவாசி ஒருவர் கதை சொல்லி அழைத்துப் போவார். சுவர்க் கதவில் நம்மை மறு பக்கத்து முன்னாள் சிறைவாசியிடம் ஒப்படைப்பார். இருவரும் ஒருவருக்கொருவர் தலையை மட்டும் அசைத்தார்கள். கை குலுக்கவில்லை. இவர் பாதியில் விட்ட வருடத்தை அவர் அங்கிருந்தே தொடர்ந்தார்.

அயர்லாந்துத் தீவு முழுவதும் ஒரே குடியரசாக வேண்டும் என்று ஆயுதம் எடுத்தவர்கள் ரிபப்ளிகன்கள். வடக்கு மூலை பிரிட்டிஷ் முடியாட்சியோடுதான் இருக்க வேண்டும் என்று ஆயுதம் எடுத்தவர்கள் லாயலிஸ்டுகள். இரு வழிகாட்டிகளும் தங்கள் வேரை ஒரே வருடத்தில் போய்த் தொட்டார்கள். 1913 ஜனவரியில், அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரக் கூடாது என்று வடக்கே அல்ஸ்டர் தொண்டர் படை. அதைப் பார்த்து அதே வருடம் நவம்பரில் அயர்லாந்துத் தொண்டர் படை. மறு வருடம் ஏப்ரலில் அல்ஸ்டர் படைக்கு லார்ன் துறைமுகத்தில் துப்பாக்கி இறங்கியது, ஜூலையில் அயர்லாந்துப் படைக்கு ஹௌத் துறைமுகத்தில். இரண்டும் ஹாம்பர்க்கில் வாங்கிய சரக்கு. 1916இல் ரிபப்ளிகன்களுக்கு பிரிட்டனை எதிர்த்த டப்ளின் ஈஸ்டர் எழுச்சி, லாயலிஸ்டுகளுக்கு பிரிட்டனுக்காகச் சண்டை போட்ட பிரான்சின் சோம் போர்க்களம். இன்றைக்கும் ஒரு பக்கம் ஈஸ்டர் ஞாயிறன்று மில்டவுன் கல்லறைக்கு அணிவகுத்துப் போகிறது, மறு பக்கம் ஜூலை முதல் தேதி சோம் போருக்கு மலர்வளையம் வைக்கிறது. இரண்டு பக்கமும் செத்தவனுக்குப் பெயர் 'தொண்டன்'. இரண்டு பக்கமும் சுவரில் எழுதிய பெயர்ப் பட்டியல், கீழே பூங்கொத்து.

இதைக் கேட்டதும் விருந்தாளிகளில் ஒருவர், "அப்படியென்றால் இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்" என்றார். நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அது அவசரம்.

எண்ணிப் பார்த்தவர்களின் கணக்கில், முப்பது வருடத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,500 பேர். பதினைந்து லட்சம் பேர் வாழ்ந்த இடத்தில் அது எவ்வளவு பெரிய தொகை! அதில் ஏறக்குறைய அறுபது விழுக்காட்டுக் கொலைகள் ரிபப்ளிகன் குழுக்கள் செய்தவை, முப்பது விழுக்காடு லாயலிஸ்டுகள் செய்தவை, மீதிப் பத்து ராணுவமும் போலீஸும். ரிபப்ளிகன்கள் கொன்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ராணுவத்தினரும் போலீசாரும். லாயலிஸ்டுகள் கொன்றவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பொதுமக்கள், பெரும்பாலும் எந்தக் குழுவிலும் இல்லாத கத்தோலிக்கர்கள். யாரை அடிப்பது என்று இவர்கள் தேர்ந்தெடுத்த விதத்திலேயே வித்தியாசம் இருக்கிறது. ரிபப்ளிகன்கள் அரசை எதிர்த்தவர்கள், சீருடை அவர்களுக்கு இலக்கு. லாயலிஸ்டுகள் அரசின் பக்கம் நின்றதாகச் சொன்னவர்கள். எதிரிக்குச் சீருடை இல்லை, அதனால் அவன் இனத்தில் எவன் கிடைத்தாலும் சரி என்று போனார்கள். இதைச் சொன்னால் ரிபப்ளிகன்கள் நல்லவர்கள் ஆகிவிட மாட்டார்கள். 1972 ஜூலை 21 அன்று ஒரே பிற்பகலில் பெல்ஃபாஸ்டில் ஏறத்தாழ இருபது குண்டு வெடித்து ஒன்பது பேரைக் கொன்றதும், 1976இல் கிங்ஸ்மில்லில் வேலை முடிந்து வேனில் வந்த பத்துப் புராட்டஸ்டண்டுத் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டதும், ஆட்களைக் கடத்திக் கொன்று புதைத்த இடம்கூடச் சொல்லாமல் இருந்ததும் அந்தப் பக்கம்தான். 1993 அக்டோபரில் ஷாங்கில் சாலை மீன்கடையில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுக்கு ஒன்பது பேர் பலி. ஒரே வாரத்தில் கிரேஸ்டீல் மதுக்கடைக்குள் புகுந்து லாயலிஸ்டுகள் எட்டுப் பேரைச் சுட்டார்கள். இது அதற்குப் பழி, அது இதற்குப் பழி.

ஷாங்கில் வழிகாட்டி சொன்ன ஒன்று மனதில் தைத்தது. அவர் பக்கத்தில், நாட்டுக்காகச் சண்டை போட விரும்பிய ஒருவனுக்கு நேரான வழி இருந்தது. போலீஸில் சேரலாம், ராணுவத்தில் சேரலாம், சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. குறுக்கு வழியில் போய்ச் சிறைக்குப் போனவனைச் சொந்த மக்களே ரவுடி என்றார்கள். எதிர்ப்பக்கத்தில் சிறைக்குப் போனவன் வீட்டுக்குப் பெருமை. 1981இல் சிறையில் இருந்த உண்ணாவிரதத்தில் பத்துப் பேர் இறந்தார்கள். அதில் முதலாமவரான பாபி சாண்ட்ஸ், உணவின்றிக் கிடந்த நாட்களிலேயே நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் இருந்த சிறைக் கட்டடங்கள் மேலிருந்து பார்த்தால் அந்த எட்டாம் எழுத்தின் வடிவம். ஃபால்ஸ் சாலையில் அவர் முகம் சுவர் முழுவதும் சிரிக்கிறது. வாக்குச் சீட்டிலும் அதே கதை. 1998 தேர்தலில் ஐ.ஆர்.ஏ.வோடு இணைத்துப் பேசப்படும் ஷின் ஃபெய்ன் கட்சிக்கு 18 இடம், லாயலிஸ்டுகளின் இரண்டு பெரிய ஆயுதக் குழுக்களில் யூ.வி.எஃப்.போடு இணைந்த கட்சிக்கு இரண்டே இடம், யூ.டி.ஏ.வோடு இணைந்த கட்சிக்கு ஒன்றுமில்லை. 2024 பிப்ரவரியில் ஷின் ஃபெய்னின் மிஷெல் ஓ'நீல் முதல் அமைச்சரே ஆகிவிட்டார். யூ.டி.ஏ.வில் 1972 வாக்கில் நாற்பதாயிரம் பேர் இருந்ததாகச் சொல்வார்கள். 1992 வரை அது தடை செய்யப்படவும் இல்லை, கொலைகளுக்கு வேறு பெயரில் பொறுப்பேற்றுக்கொண்டிருந்தது. அரசுக்கும் இவர்களுக்கும் இருந்த கள்ள உறவை 2012இல் பிரிட்டிஷ் பிரதமரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எதிர்ப்பக்கத்திலோ உளவுத் துறை ஐ.ஆர்.ஏ.வுக்குள்ளேயே ஆள் வைத்திருந்தது. யார் யாருக்கு வேலை செய்தார்கள் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆயுதத்தைக் கீழே போட்டதிலும் இதே வித்தியாசம். ஐ.ஆர்.ஏ.வுக்குத் தலைமை என்று ஏழு பேர் கொண்ட குழு. அது 2005 ஜூலையில் சொன்னது, செப்டம்பரில் முடிந்தது. யூ.வி.எஃப். 2009 வரை இழுத்தது. யூ.டி.ஏ.வுக்கு ஆறு வட்டாரம், வட்டாரத்துக்கு ஒரு தளபதி, அவரவர் ராஜ்யம். அது 2010 ஜனவரியில்தான். ஆயுதம் போன பிறகும் தெரு மீதான பிடி போகவில்லை. இன்றும் 'குழு பாணித் தாக்குதல்' என்ற தலைப்பில் போலீஸ் கணக்கு வெளியிடுகிறது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள்.

யூ.வி.எஃப்., அந்தப் பழைய அல்ஸ்டர் தொண்டர் படையின் பெயரில், 1966இல் மறுபடி முளைத்தபோது கத்தோலிக்கருக்குச் சொந்தமான ஒரு மதுக்கடை மீது பெட்ரோல் குண்டு வீசினார்கள். தீ பக்கத்து வீட்டில் பிடித்து எழுபத்தேழு வயதுப் பாட்டி ஒருவர் இறந்தார். அவர் புராட்டஸ்டண்டு. பிறகு வந்த முப்பது வருடத்துக்கான முதல் சாவுகளில் ஒன்று அது. அதை வாசித்த அன்று எனக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்றே என்பது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளிநாட்டவருக்கு எதிராகக் கலவரம் மூண்டது. பெல்ஃபாஸ்டில் வந்தேறிகளின் கடைகளை எரித்தார்கள். அந்தச் சனிக்கிழமை மாலை பாட்டி பின்னல் ஊசியும் நூலுமாக வந்து எங்கள் முன்னறையில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "யாராவது தட்டினால் நான் திறக்கிறேன்" என்றார். யாரும் தட்டவில்லை. இரவு பதினொரு மணிக்கு மேல், மகள் தூங்கிய பிறகு, அவராகவே பேசத் தொடங்கினார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மகனுக்குப் பதினேழு வயது. ஒரு காரைத் திருடி ஓட்டியிருக்கிறான். இரண்டு பேர் வந்து, வியாழக்கிழமை எட்டு மணிக்கு இன்ன சந்துக்கு வரச் சொல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இருவரையும் அவருக்குத் தெரியும். ஒருவன் ஞாயிற்றுக்கிழமை பாடசாலையில் அவரிடம் படித்தவன். போகாவிட்டால் முழங்காலோடு நிற்காது. கணவர் பின்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். இவர்தான் மகனுக்கு இரண்டு வலி மாத்திரை கொடுத்து, போட்டிருந்த புது ஜீன்ஸைக் கழற்றச் சொல்லி, பழைய கால்சட்டை போட வைத்து, கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறார். "அந்த ஜீன்ஸுக்கு இன்னும் பணம் கட்டி முடிக்கவில்லை. அதைத்தான் நினைத்தேன். அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன்" என்று இரண்டு முறை சொன்னார். ஊசி நிற்கவே இல்லை.

அந்த ஆகஸ்ட் 15 காலையில் தலை சீவாமல் அவர் ஓடி வந்தது எதற்கு என்று எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

இப்போது எங்களுக்கு இந்த ஊர் பழகிவிட்டது. மழைக்குக் குடை எடுப்பதில்லை. கப்பல் கட்டும் தளத்து மஞ்சள் பாரந்தூக்கிகள் இரண்டும், சாம்சனும் கோலியாத்தும், பஸ் சன்னலில் தெரிந்தால் வீடு வந்துவிட்டது என்று மகள் எழுந்துகொள்கிறாள். கொடி இப்போது பின்பக்கச் சமையலறைச் சன்னலில் இருக்கிறது. அதைத் தெரு பார்க்காது, பாட்டியின் முற்றம் மட்டும் பார்க்கும். வலைத்திரையைக் கழற்றிவிட்டேன். சக்கரம் நன்றாகத் தெரிகிறது. ஆரம் எத்தனை என்று பாட்டி ஒரு நாள் துணி காயப்போடும்போது எண்ணிப் பார்த்துவிட்டு, இருபத்துநான்குதானே என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்டார்.

போன மாதம் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அம்மன் கோயில் கொடை நல்லபடியாக முடிந்ததாம். வில்லுப்பாட்டுக்கு நல்ல கூட்டமாம். அப்பா இறந்த பிறகு பள்ளிக் கொடிக்கம்பத்துக்கு யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் கொடைக்காகத் தெருவில் மின்கம்பங்களுக்கெல்லாம் புதிதாக வண்ணம் அடித்துவிட்டார்களாம்.

"எந்த வண்ணம் அம்மா?" என்று கேட்டேன்.

வீட்டில் அம்மாவைத் தவிர வேறு யாரும் இல்லை. தொலைக்காட்சி ஓடும் சத்தம்கூட இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.